டீச்சர் விட்டுப்போகும் கொப்பி

(தோட்டப் பாடசாலையொன்றில் இடமாற்றம் பெற்றுச் செல்லும் ஆசிரியைக்கு நடைபெற்ற பிரியாவிடைக் கூட்டத்தில், தோட்ட நலன்புரி அலுவலகத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை. ஏனைய தோட்டங்களிலுள்ள பெற்றோருக்கும் பயன்படும் என்பதால் இதனை இங்கே தருகின்றோம்.)

மடுவத்தில் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, இடுப்பிலே கட்டிய படங்கைக்கூட அவிழ்க்காமல் நேரே இங்கு வந்து நிற்கும் அம்மாமாரைப் பார்க்கிறோம். காலையிலிருந்து மலையில் நின்ற கால்கள். வாங்கு போதவில்லை. தயவுசெய்து பின்னால் நிற்பவர்கள் இஸ்தோப்புத் திண்ணையிலாவது உட்காருங்கள். வீட்டுக்குப் போய் அடுப்புப் பற்ற வைக்க வேண்டியவர்கள் நீங்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ஆகையால் புகழ்ந்து பேசிக்கொண்டே இருக்கப் போவதில்லை. சொல்ல வேண்டிய சில காரியங்களைச் சொல்லிவிட்டு அமர்கிறோம்.

முதலாவது, மகஜர் விசயம். அதை மறைக்க வேண்டியதில்லை. டீச்சருக்கு இடமாற்றம் கிடைத்துவிட்டது என்று மூன்று கிழமைக்கு முன்பு தகவல் வந்ததும், மேல்கணக்கிலும் கீழ்க்கணக்கிலும் ஒரே பேச்சு. "டீச்சர் போனா பள்ளிக்கூடம் அவ்வளவுதான்" என்று லயத்துக்கு லயம் சொன்னீர்கள். டீச்சரை அனுப்பக் கூடாது என்று வலயக் கல்விப் பணிமனைக்கு மகஜர் எழுதித் தாருங்கள் என்று எங்கள் அலுவலகத்துக்கு வந்தீர்கள். எழுதியது நாங்கள்தான். 86 பேர் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தீர்கள். நாங்களும் வைக்கவே இருந்தோம்.

அன்று பின்னேரம் டீச்சர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கோபமாக வரவில்லை. உட்கார்ந்து ஒரு தேத்தண்ணி குடித்தார். அதற்குப் பிறகுதான் சொன்னார்: "எங்கம்மா ஒரு வருசமா படுக்கையில. பக்கத்து லயத்து ஆளுங்கதான் பாக்குறாங்க. முப்பது வருசம் கொழுந்து எடுத்து என்னைப் படிக்க வச்சாங்க. நான் கேட்டு வாங்கின மாற்றம் இது. நீங்க நிப்பாட்டினா நான் நிப்பேன். ஆனா எங்கம்மாவுக்கு யார் இருக்கா?"

எங்களுக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. ஒரு தாய் தன் பிள்ளைகளுக்காக நல்ல டீச்சரைக் கேட்பது நியாயம். இன்னொரு தோட்டத்தில் ஒரு தாய் படுக்கையில் கிடந்து தன் மகளைக் கேட்பதும் நியாயம். அந்த மகஜரை நாங்கள் அனுப்பவில்லை. 86 பேரிடமும் கேட்காமல் நிறுத்தி வைத்தது எங்கள் பிழைதான். அதற்காக இன்று உங்கள் முன்னால் மன்னிப்புக் கேட்கிறோம். அந்த மகஜருக்கு என்ன செய்யலாம் என்பதைப் பேச்சின் முடிவில் சொல்கிறோம்.

டீச்சர் 2012-ல் இங்கே வந்தார். அப்போது இந்தக் கட்டடத்துக்கு இருந்தது ஒரே மண்டபம். நடுவில் தட்டி இல்லை. ஒரு மூலையில் முதலாம் வகுப்பு 'அ'னா சொல்ல, மற்ற மூலையில் ஐந்தாம் வகுப்பு வாய்ப்பாடு சொல்ல, எது யாருடைய பாடம் என்றே விளங்காது. மழை பெய்தால் தகரத்துச் சத்தத்தில் அதுவும் கேட்காது. பட்டணத்தில் வாடகைக் காம்பராவில் இருந்துகொண்டு 4 கட்டை தூரம் வந்து போனார். பஸ் வரும் நாள் பஸ்ஸில், வராத நாள் குறுக்குப் பாதையில் நடந்து. அட்டைக் கடியோடு வகுப்புக்குள் வந்த நாட்களை இங்கே படித்த பெரிய பிள்ளைகள் சொல்வார்கள்.

இப்படி ஒரு டீச்சர் நமக்குக் கிடைத்தது சும்மா நடந்த காரியம் இல்லை. இங்கே இருக்கும் பாட்டிமாரைக் கேளுங்கள். அந்தக் காலத்துத் தோட்டப் பள்ளிக்கூடம் லயத்தின் கோடிக் காம்பராவில் நடந்தது. ஒரே ஒரு வாத்தியார். துரையின் நிர்வாகத்துக்குக் கீழே அவர். எழுத வாசிக்கக் கொஞ்சம், கணக்குக் கொஞ்சம். கை வேலைக்கு ஆகும் வயது வந்ததும் பிள்ளை மலைக்குப் போய்விடும். இந்த நாட்டில் 1945-ல் இலவசக் கல்வி வந்தது. அதனால் கிராமத்துப் பிள்ளைகள் படித்து உத்தியோகத்துக்குப் போனார்கள். தோட்டத்துப் பள்ளிக்கூடங்கள் அந்தக் கணக்கில் சேராமல் தோட்ட நிர்வாகத்தின் கீழேயே கிடந்தன. தோட்டங்களை 1970களில் அரசாங்கம் எடுத்த பிறகு, 1977 முதல் கொண்டுதான் இந்தப் பாடசாலைகளையும் படிப்படியாக அரசாங்கம் பொறுப்பேற்றது. மற்றப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது நம் பிள்ளைகளுக்கு வந்து சேர முப்பது வருசத்துக்கு மேல் சென்றது.

அதற்குப் பிறகுதான் நம் பகுதியிலிருந்தே ஆசிரியர்களை எடுத்தார்கள். பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வந்தது. லயத்தில் பிறந்த பிள்ளைகள் அங்கே பயிற்சி பெற்று டீச்சராக வந்தார்கள். நம் டீச்சரும் அப்படி வந்தவர். 10 அடிக்கு 12 அடிக் காம்பராவில், குப்பி லாம்பு வெளிச்சத்தில் படித்தவர். ஆகவே லயத்துக் காம்பராவுக்குள் ஒரு பிள்ளை எங்கே உட்கார்ந்து வீட்டுப் பாடம் செய்யும் என்பதை அவருக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவைப்படவில்லை.

இனி அந்தக் கொப்பிக்கு வருகிறோம். இதோ எங்கள் கையில் இருக்கிறது. நீல உறை போட்ட நீட்டுக் கொப்பி. இதுபோல மொத்தம் ஐந்து கொப்பிகள். போன கிழமை டீச்சர் எங்களிடம் ஒப்படைத்தார்.

பாடசாலையில் வரவு இடாப்பு ஒன்று உண்டு. வந்த பிள்ளைக்கு ஒரு அடையாளம், வராத பிள்ளைக்கு ஒரு அடையாளம். அது அரசாங்கத்துக்கு. இந்தக் கொப்பி டீச்சர் தானாக வைத்துக்கொண்டது. வராத பிள்ளையின் பெயரை எழுதி, அன்று பின்னேரமே அந்த லயத்துக்குப் போய், ஏன் வரவில்லை என்ற காரணத்தையும் எழுதியிருக்கிறார். அவர் லயத்து வாசலில் வந்து நின்றால் நம் ஆட்கள் முதலில் பயந்தார்கள். ஏசத்தான் வருகிறார் என்று நினைத்தார்கள். சிலபேர் கதவைச் சாத்திக்கொண்டதும் உண்டு. ஆனால் டீச்சர் "ஏன் புள்ளைய அனுப்பல?" என்று ஒரு நாளும் கேட்கவில்லை. "இன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்றுதான் கேட்பார். அப்படிக் கேட்டால் அம்மாமார் உள்ளதைச் சொன்னார்கள்.

கொப்பியிலிருந்து சில வரிகளை வாசிக்கிறோம். பெயர்களை வாசிக்கவில்லை.

"மழை. சப்பாத்து காயவில்லை. ஒரே சோடி."

"தம்பிக்குக் காய்ச்சல். அம்மாவுக்குப் பேர் போய்விடும் என்று மகளை நிறுத்தினார்கள்."

"அப்பா குடித்துவிட்டு வந்து இரவு முழுக்கச் சண்டை. பிள்ளை தூங்கவில்லை."

"கொப்பி முடிந்துவிட்டது. வெட்கத்தில் வரவில்லை."

"பட்டணத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு விடப் பேசுகிறார்கள். நாளைக்கும் போக வேண்டும்."

இந்தக் கடைசி வரிக்குக் கீழே அடுத்த நாள் திகதி போட்டு "போனேன்" என்று இருக்கிறது. அதற்கு அடுத்த நாளும் "போனேன்". ஏழு நாள் அப்படி இருக்கிறது. எட்டாம் நாள் "வந்தாள்" என்று இருக்கிறது. அந்தப் பிள்ளை இன்று உயர்தரம் படிக்கிறாள். இதோ கூட்டத்தில்தான் இருக்கிறாள்.

இப்போது எங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். நலன்புரி அலுவலகத்திலிருந்து மாதா மாதம் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்புகிறோம். பிள்ளைகள் பாடசாலைக்கு ஒழுங்காகப் போகாததற்குக் காரணம் என்ன என்று அதில் ஒரு கேள்வி. நாங்கள் வருசக் கணக்காக அந்த இடத்தில் ஒரே பதிலை எழுதி வந்தோம்: "பெற்றோரின் அக்கறையின்மை." எழுதுவது சுலபம். யாரையும் போய்ப் பார்க்கத் தேவையில்லை.

2014-ல் ஒரு நாள் டீச்சர் முதலாவது கொப்பியைக் கொண்டுவந்து எங்கள் மேசையில் விரித்தார். ஒரு தவணைக் காரணங்களை எண்ணிப் பார்க்கச் சொன்னார். எண்ணினோம். ஆகக் கூடுதலாக இருந்தது பொம்பளைப் பிள்ளைகள் வராத நாட்கள். அதிலும் ஆகக் கூடிய காரணம், தம்பி தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது. "பிள்ளைக்காம்பரா இருக்கும்போது ஏன் அக்கா பார்க்க வேண்டும்?" என்று நாங்கள் கேட்டோம். டீச்சர் திரும்பக் கேட்டார்: "பிள்ளைக்காம்பரா எத்தனை மணிக்குத் திறக்குது?"

ஏழரை மணிக்குத் திறந்தது. அம்மா ஏழரை மணிக்கு மலையில் நிற்க வேண்டும். பாடசாலை மணியும் ஏழரைக்கு அடிக்கும். அப்படியானால் ஆயாம்மா வந்து கதவைத் திறக்கும்வரை கைப்பிள்ளையை யார் வைத்திருப்பது? அக்காதான். பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, வீட்டுக்குத் திரும்பி, சீருடை மாற்றிக்கொண்டு ஓடினால் எட்டரை. பிந்திப் போனால் ஏச்சு விழும் என்ற பயத்தில் அந்தப் பிள்ளை வீட்டிலேயே நின்றுவிடும். பிள்ளைக்காம்பரா எங்கள் பொறுப்பு. கதவு திறக்கும் நேரத்தை வைத்ததும் நாங்கள். பழியை மட்டும் அம்மாமார் தலையில் போட்டு அறிக்கை அனுப்பிக்கொண்டிருந்தோம்.

துரை அவர்களிடம் பேசி, ஆயாம்மாமாருடனும் பேசி, ஒருவர் முன்னுக்கு வந்து முன்னுக்குப் போகிற மாதிரி முறை வைத்து, ஆறரைக்குத் திறக்கச் செய்தோம். அதற்குப் பணம் பெரிதாகச் செலவாகவில்லை. அடுத்த தவணைக் கொப்பியில் அந்தக் காரணம் வரவரக் குறைந்தது. அன்றிலிருந்து "அக்கறையின்மை" என்ற சொல்லை எங்கள் அறிக்கையில் எழுதுவதற்கு முன்பு ஒரு தடவை லயத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறோம். போய்ப் பார்த்தால் எழுத வேண்டிய தேவை அநேகமாக வருவதில்லை.

2020-ல் கொரோனாக் காலத்தில் பாடசாலைகளை மூடினார்கள். போனில் பாடம் என்றார்கள். நம் லயங்களில் போன் உள்ள வீட்டில் சிக்னல் இல்லை, சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஏறினால் போனில் காசு இல்லை. ஊரடங்கு தளர்ந்த நாட்களில் டீச்சர் கையால் எழுதிய பாடத் தாள்களை வகுப்பு வகுப்பாகப் பை கட்டிக் கொழுந்து மடுவத்துக்குக் கொண்டுவந்து தொங்கவிட்டார். கொழுந்து நிறுக்க வரும் அம்மா தன் பிள்ளையின் தாளை எடுத்துப் போவாள். செய்து முடித்த தாளை மறுபடி பையில் போடுவாள். மடுவத்தில் நின்ற கணக்கப்பிள்ளை ஐயாவும் அதற்குக் காவலாக இருந்தார். அவருக்கும் இந்த இடத்தில் நன்றி சொல்கிறோம்.

2022-ல் சாமான் விலை ஏறிய வருசத்துக் கொப்பியை வாசிக்கவே கஷ்டமாக இருக்கிறது. "காலையில் சாப்பிடவில்லை" என்ற வரி பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. அந்த வருசம்தான் மாதர் சங்கம் வீட்டுக்கு வீடு ஒரு பிடி அரிசி சேர்த்து, கிழமையில் மூன்று நாள் இந்த இஸ்தோப்பில் கஞ்சி காய்ச்சியது. கொப்பி வாங்க முடியாத பிள்ளைகளுக்குப் பழைய கலண்டர்த் தாள்களின் பின்பக்கத்தை அடுக்கித் தைத்துக் கொடுத்தது டீச்சர். ஆக, இந்தப் பாடசாலையை டீச்சர் தனியே தாங்கவில்லை. அவர் கேட்டார், நீங்கள் கொடுத்தீர்கள். டீச்சர் போனால் எல்லாம் போய்விடும் என்று நினைக்கிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்று காலை ஐந்தாம் வகுப்பில் நடந்ததைப் பார்த்த சில பேர்தான் இங்கே இருக்கிறார்கள். மற்றவர்கள் மலையில் நின்றீர்கள். அதனால் சொல்கிறோம்.

டீச்சர் கடைசித் தடவையாக இடாப்பு வாசித்தார். 17 பிள்ளைகள். 9 பொம்பளைப் பிள்ளைகள், 8 ஆம்பளைப் பிள்ளைகள். ஒருவரும் தவறவில்லை. பிறகு ஒவ்வொரு பிள்ளையையும் கூப்பிட்டு ஒரு துண்டுக் கடதாசி கொடுத்தார். முதலாம் வகுப்புக்கு வந்த அன்று அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியாது, இன்று என்ன தெரியும் என்று அதில் எழுதியிருந்தது. "நீ வந்த அன்று உன் பெயரைக் கேட்டால் அழுவாய். இப்போது ஒரு பக்கம் நிறுத்தாமல் வாசிக்கிறாய்" என்று ஒரு பிள்ளைக்கு. "உனக்குப் பென்சில் பிடிக்கத் தெரியாது. இப்போது உன் அப்பாவின் சம்பளத் துண்டைப் பார்த்துக் கணக்குச் சொல்கிறாய்" என்று இன்னொரு பிள்ளைக்கு. வாழ்த்து மடல் மாதிரிப் பெரிய வார்த்தை ஒன்றும் இல்லை. இன்று இரவு அந்தத் துண்டை வீட்டில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும் என்பதுதான் டீச்சர் கொடுத்த கடைசி வீட்டுப் பாடம். பிள்ளை வாசிக்கும்போது டீவியை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

பிறகு ஒரு சின்னப் பையன் எழுந்தான். வகுப்பில் அதிகம் பேசாதவன். "டீச்சர், அங்க போன பொறகும் ஒங்களுக்கு வகுப்பு இருக்குமா?" என்று கேட்டான். "இருக்கும்" என்றார். "அந்தப் புள்ளைங்ககிட்ட எங்களப் பத்திச் சொல்லுவீங்களா?"

டீச்சர் கொஞ்ச நேரம் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றார். பிறகு சொன்னார்: "சொல்லுவேன். என் வகுப்புல 17 பேர் இருந்தாங்க, 17 பேரும் ஆறாம் வகுப்புக்குப் போனாங்கன்னு சொல்லப் போறேன். நான் பொய் சொன்னதா ஆயிடக் கூடாது. பாத்துக்குங்க."

பெற்றோர்களே, இதுதான் இன்றைய கூட்டத்தின் முக்கியமான விசயம். நம் பாடசாலையில் ஐந்தாம் வகுப்போடு சரி. ஆறாம் வகுப்புக்குப் பட்டணத்துக்குப் போக வேண்டும். நம் பிள்ளைகள் கூடுதலாக நின்றுபோவது இந்த இடத்தில்தான். டீச்சர் வந்த வருசம் ஐந்தாம் வகுப்பு முடித்த 14 பேரில் ஆறாம் வகுப்புக்குப் போனது 8 பேர் என்று கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார். மற்ற 6 பேரும் என்ன ஆனார்கள் என்று உங்களுக்கே தெரியும். சிலபேர் இங்கே அப்பாமாராக, அம்மாமாராக உட்கார்ந்திருக்கின்றீர்கள். போன வருசம் முடித்த 15 பேரும் ஆறாம் வகுப்பில் சேர்ந்தார்கள். அதில் 12 பேர் இன்னமும் போகிறார்கள். 3 பேர் இடையில் நின்றுவிட்டார்கள். பெரிய பாடசாலையில் பிள்ளைகள் நிறைய. ஒரு பிள்ளை வராவிட்டால் தேடி வர அங்கே ஆள் இருக்குமென்று சொல்ல முடியாது.

பிள்ளை படிக்க வேண்டியது சட்டமும்கூட. 1997-ல் வந்த கட்டாயக் கல்வி விதியில் 5 வயது முதல் 14 வயது வரை என்று இருந்தது. 2016-ல் அதை 16 வயது வரை ஆக்கினார்கள். ஆகவே ஐந்தாம் வகுப்போடு போதும் என்று ஒரு பத்து வயதுப் பிள்ளையை நிறுத்துவதற்கு யாருக்கும் உரிமை இல்லை. பட்டணத்து வீட்டில் வேலைக்கு அனுப்பும்படி யாராவது தரகர் வந்து பேசினால், முன்பணம் வாங்குவதற்கு முன்பு எங்களிடம் வாருங்கள். அந்தப் பணம் எந்தக் கஷ்டத்துக்குத் தேவையோ அதைப் பற்றிப் பேசுவோம். உங்களை நாங்கள் ஏசப் போவதில்லை.

இனி செய்ய வேண்டிய வேலைகளைச் சொல்கிறோம்.

ஒன்று, கடதாசி வேலை. ஆறாம் வகுப்பில் சேர்க்கப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் வேண்டும், இங்கிருந்து விடுகைப் பத்திரம் வேண்டும். 17 பேரில் 3 பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தில் பெயர்ப் பிழை இருக்கிறது. அந்த மூன்று வீட்டுக்காரரும் வரும் கிழமை எங்கள் அலுவலகத்துக்கு வாருங்கள். கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்துக்கும் நாங்கள் கூடவே வருகிறோம். சேர்க்கிற நாள் வரும்வரை வைத்துக்கொண்டிருந்தால் அவசரத்தில் ஒன்றும் நடக்காது.

இரண்டு, பாதை. 4 கட்டை தூரம் பிள்ளை தனியே நடக்கக் கூடாது, முக்கியமாகப் பொம்பளைப் பிள்ளைகள். மேல்கணக்கிலிருந்தும் கீழ்க்கணக்கிலிருந்தும் போகும் பிள்ளைகள் பிரட்டுக் களத்தில் ஆறே கால் மணிக்கு ஒன்று கூடிப் போகட்டும். உயர்தரம், சாதாரண தரம் படிக்கும் பெரிய பிள்ளைகள் நாளுக்கு இருவர் என்று முறை போட்டுக்கொண்டு கூட்டிப் போவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பஸ் சீசன் டிக்கெட்டுக்கு வேண்டிய படிவங்களை அதிபர் அவர்கள் எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

மூன்று, இந்தக் கொப்பி. டீச்சர் இதை எங்களிடம் தந்தபோது, அலுமாரிக்குள் பூட்டி வைக்க வேண்டாம் என்று சொன்னார். ஆறாவது கொப்பி ஒன்றை மாதர் சங்கம் வாங்கியிருக்கிறது. இனி லயத்துக்கு ஒரு அம்மா பொறுப்பு. இங்கே படிக்கும் பிள்ளையானாலும் சரி, பட்டணத்தில் படிக்கும் பிள்ளையானாலும் சரி, ஒரு நாள் போகாமல் நின்றால் அன்று பின்னேரமே அந்த வாசலுக்குப் போய் "இன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான். எழுதத் தெரியாத அம்மா என்றால் தன் பிள்ளையைக் கொண்டு எழுதுவிக்கலாம். மாதம் ஒரு நாள் கொப்பியை எங்கள் அலுவலகத்தில் வைத்து வாசிப்போம். அதில் எங்கள் பிழை இருந்தால் எங்களுக்குச் சொல்லுங்கள். பிள்ளைக்காம்பரா நேரத்தைப் போல இன்னும் எத்தனை பிழைகள் எங்கள் பக்கம் இருக்கின்றனவோ தெரியாது. மாதர் சங்கத்தில் 11 லயத்துக்கு 9 அம்மாமார் பெயர் தந்திருக்கின்றீர்கள். இன்னும் இரண்டு லயம் மிச்சம். கூட்டம் முடியும் முன்பு அந்த இரண்டு பெயரும் வேண்டும்.

நான்கு, அந்த மகஜர். டீச்சருக்குப் பதிலாக யார் வருவார் என்று இன்றுவரை கடிதம் வரவில்லை. அதிபரும் மற்ற இரண்டு ஆசிரியர்களும் ஐந்து வகுப்பையும் இழுத்துக்கொண்டு போக வேண்டும். ஆகவே மகஜரைத் திருப்பி எழுதியிருக்கிறோம். டீச்சரைப் போக விடாதீர்கள் என்று இருந்த இடத்தில், ஆரம்ப வகுப்புப் பயிற்சி பெற்ற ஒரு ஆசிரியரைத் தாமதமில்லாமல் அனுப்புங்கள் என்று கேட்டிருக்கிறோம். வாசலுக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. முன்பு கையெழுத்து வைத்த 86 பேரும் வாசித்துப் பார்த்து, அல்லது வாசிக்கச் சொல்லிக் கேட்டு, சம்மதமென்றால் வையுங்கள். இந்தத் தடவை முதல் கையெழுத்து எங்களுடையது. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திலிருந்து இருவரும் நாங்களும் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். பதில் என்ன வந்தது என்பதை இதே இடத்தில் உங்களுக்குச் சொல்வோம்.

பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை. டீச்சர் போகிறார் என்று காலையில் அழுதீர்கள். அழலாம், பிழையில்லை. புதிதாக ஒரு சேரோ டீச்சரோ வரும்போது, "எங்க பழைய டீச்சர் இப்படிச் செய்ய மாட்டாங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லாதீர்கள். அவருக்கும் இந்த மலையும் மழையும் புதிது. பாதையில் அட்டை எங்கே கூடுதல் என்று சொல்லிக் கொடுங்கள். அவர் உங்களுக்குப் பாடம் சொல்லித் தருவார். இன்று ஐந்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் பட்டணத்துப் பாடசாலையில் முதல் ஒரு மாதம் மிரண்டு போவீர்கள். "தோட்டத்துப் புள்ளைங்க" என்று யாராவது ஒரு மாதிரியாகச் சொன்னால் தலை குனிய வேண்டாம். டீச்சர் தந்த துண்டை எடுத்து வாசியுங்கள். வந்த அன்று தெரியாதது எத்தனை, இன்று தெரிந்தது எத்தனை என்று அதில் இருக்கிறது.

டீச்சர் அவர்களே, பொன்னாடை போர்த்தினோம், மாலை போட்டோம். அம்மாமார் சேர்ந்து ஒரு சேலை எடுத்திருக்கிறார்கள். ஸ்டோரில் வேலை செய்யும் ஐயாமார் உங்கள் அம்மாவுக்கென்று நல்ல தேயிலை ஒரு பொட்டலம் தந்திருக்கிறார்கள். அவர் எடுத்த கொழுந்தில் அவர் இப்படி நல்ல தேத்தண்ணி குடித்திருக்க மாட்டார் என்று அவர்கள் சொன்னார்கள். நாங்கள் சொன்ன வார்த்தை அல்ல, அவர்களுடையது.

உங்களை நாங்கள் நிறுத்தி வைக்கப் பார்த்ததை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். போய் உங்கள் அம்மாவைப் பாருங்கள். அவர் எழுந்து உட்கார்ந்த செய்தி வந்தால் எங்களுக்கும் ஒரு வரி எழுதுங்கள். ஆறாம் வகுப்புச் சேர்க்கை முடிந்ததும் நாங்கள் உங்களுக்கு ஒரு கடிதம் போடுவோம். 17 பேர் பெயரையும் அதில் எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் "போனான்", "போனாள்" என்று எழுத வேண்டும். ஒரு பெயருக்குப் பக்கத்திலாவது வேறு சொல் எழுத வேண்டி வந்தால் அதற்குக் காரணத்தையும் எழுதுவோம், நீங்கள் எழுதின மாதிரி. அடுத்த நாள் அந்த வாசலுக்குப் போனோம் என்றும் எழுதுவோம்.

மழை இருட்டிக்கொண்டு வருகிறது. தேத்தண்ணியும் பிஸ்கட்டும் கொடுக்கப் போகிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் கொடுங்கள். மகஜர் மேசையை மறந்து போய்விடாதீர்கள். அந்த இரண்டு லயத்துப் பெயரும் இன்னும் வரவில்லை.